எடுத்த கை

ஆனைமலை
12 ஜூன் 2024

மதிப்பிற்குரிய ஞானாபரணம் டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் சாந்தாமணி. உங்கள் கல்லூரியில் படித்த பிரவீனாவின் அம்மா. பேச்சுப் போட்டிக்காக நீங்கள் அவளுக்குக் கொடுத்த புத்தகம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் உங்கள் விலாசம் இருந்தது. போன் நம்பரும் தேடினால் கிடைத்திருக்கும். ஆனால் போனில் எனக்குச் சத்தம் ஏறிவிடும். எழுதினால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம்.

போன வருடம் மாசியில் என் கழுத்துச் சங்கிலி காணாமல் போனது. என் அப்பா எனக்குப் போட்டுவிட்ட சங்கிலி. வீடு, தொழுவம், தென்னந்தோப்பு எல்லாம் தேடினோம். வெளியாட்களில் வீட்டுக்குள் வந்துபோகிறவள் செல்லாத்தாள் ஒருத்திதான். பிரவீனா பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டில் வேலை செய்கிறவள். நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மட்டும் சொன்னேன். பிறகு மாசாணியம்மன் கோயிலுக்குப் போய் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வந்தேன். பொருளைத் தொலைத்தவர்கள் நியாயம் கேட்டு இங்கே அப்படிச் செய்வது வழக்கம். யார் பெயரையும் நான் சொல்லவில்லை.

சித்திரையில் செல்லாத்தாளுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டது. வாய் கோணிப் பேச்சும் குழறிப்போனது. "எடுத்த கை விழுந்துபோச்சு பாருங்க" என்று ஊரே சொன்னது. நியாயம் கிடைத்துவிட்டால் அம்மனைக் குளிர வைக்க எண்ணெய்க் காப்புச் செய்ய வேண்டும். அதையும் செய்தேன்.

இந்தத் தையில் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். பந்தியில் யாரோ "சங்கிலி கெடைச்சுதுங்களா?" என்று கேட்க, நான் நடந்ததைச் சொன்னேன். பக்கத்து இலையில் இருந்த பிரவீனா நிமிர்ந்தாள்.

"ஏம்மா, அப்புறம் நடந்துச்சுன்னா அதனாலதான் நடந்துச்சுன்னு ஆயிருமா? சாவல் கூவுனதுக்கு அப்புறம்தான் பொழுது விடியுது. சாவலா சூரியனை இழுத்துட்டு வருது?"

பந்தியே சிரித்தது. "பெரியவங்க பேசறப்ப வாயை மூடு அம்மணி" என்றேன்.

"நீ பேசறதுல காரணம்னு ஒண்ணுமே இல்லைம்மா. வெறும் சத்தம்தான்."

"உன்னையப் படிக்க வெச்சதுதான் நான் செஞ்ச தப்பு" என்று சொல்லிவிட்டேன். அவள் இலையை மூடிவிட்டு எழுந்து கோயமுத்தூர் பஸ் ஏறிவிட்டாள். அங்கே ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிறாள். அதன்பிறகு ஊருக்கு வரவில்லை. அவள் அப்பாவிடம் மட்டும் பேசுகிறாள். நான் பக்கத்தில் இருப்பது தெரிந்தால் போனை வைத்துவிடுகிறாள்.

யார் பேச்சில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கிற இந்தப் பாடத்தை அவள் உங்களிடம்தான் கற்றாள். எனக்கும் அதைச் சொல்லித் தர முடியுமாங்க? நான் பத்தாவது வரை படித்தவள். புரியும்படி எழுதினால் படித்துக்கொள்வேன். அவள் திரும்பி வரும்போது என்னிடமும் ஒரு பதில் இருக்க வேண்டும்.

இது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
சாந்தாமணி


சிங்காநல்லூர்
24 ஜூன் 2024

அன்புள்ள சாந்தாமணி அவர்களுக்கு,

விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய முதல் வாரத்தில் உங்கள் கடிதம் கிடைத்தது. அடுத்தவர் பேச்சில் பிழை பிடிப்பதில் பிரவீனாவை மிஞ்ச அவள் வகுப்பில் ஆள் இல்லை. அதற்காக எல்லோர் முன்னாலும் நான் அவளைப் பாராட்டியிருக்கிறேன். கல்யாணப் பந்தியில் பெற்ற தாயிடம் அதைப் பிரயோகிப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பதில் சொல்வதற்காகக் கற்றுக்கொள்ள விரும்புகிறீர்கள். இந்த வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அதற்காகத்தான் வருகிறார்கள். அதனால் தயங்காதீர்கள்.

ஒருவர் பேசுவதைக் கேட்டதும் சரியா தப்பா என்று போய்விடக் கூடாது. நம்மை எதை நம்பச் சொல்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். அதை முடிவு என்போம். அதை நாம் ஏன் நம்ப வேண்டும் என்கிறார்? அது காரணம். இவை இரண்டும் இல்லாத பேச்சு நிறைய உண்டு. அது புலம்பலாக இருக்கலாம், வசையாக இருக்கலாம், வாதம் ஆகாது.

கொஞ்சம் கடினமானது அடுத்ததுதான். "இந்த டாக்டர்கிட்டக் கூட்டமே இல்லை, வேற டாக்டர்கிட்டப் போலாம்" என்று ஒருவர் சொல்கிறார். கூட்டம் இருக்கிற டாக்டர்தான் நல்ல டாக்டர் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியம் இல்லாமல் அவர் வாதம் நிற்காது. சொல்லாமல் விட்ட வாக்கியத்தைத் தேடிப் பிடித்துப் பளிச்சென்று எழுதிப் பார்க்க வேண்டும். எழுதாதவரை அது நம்மை ஏமாற்றிக்கொண்டே இருக்கும்.

செல்லாத்தாள் என்பவரைப் பற்றி நீங்கள் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு என்ன, காரணம் என்ன, சொல்லாமல் விட்டது என்ன? பிரவீனாவை மறந்துவிட்டு எழுதுங்கள். அவளிடம் நான் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
ஞானாபரணம்


ஆனைமலை
9 ஜூலை 2024

டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். முடிவு எழுதுவது சுலபமாக இருந்தது: செல்லாத்தாள் சங்கிலியை எடுத்தாள். காரணத்தைப் பக்கம் பக்கமாக எழுதினேன். அவள் மகன் புது வண்டி வாங்கினான், சங்கிலி போன அன்றைக்கு அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, இப்படி. பிறகு யோசித்தால் வண்டி வாங்கியது சங்கிலி தொலைவதற்கு முந்தைய தீபாவளிக்கு. என் முகத்தைப் பார்த்து அவள் என்றைக்குமே பேசியதில்லை. நானும் அவளை அப்படிப் பேசவிட்டதில்லை. இரண்டையும் அடித்துவிட்டேன். ஒவ்வொன்றாக அடித்து அடித்துக் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. நான் மிளகாய் அரைத்தேன், அவள் கை விழுந்தது.

சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு நாள் ஆனது. துவரம்பருப்பைக் காயவைத்துவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தபோது வந்தது. உடனே உள்ளே வந்து எழுதினேன்: தப்புச் செய்தவர்களுக்குத்தான் கை விழும்.

எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் டீச்சர். என் அப்பாவும் கடைசியில் பக்கவாதம் வந்துதான் படுத்திருந்தார். அவருக்கும் வலது கைதான். ஊரே வந்து பார்த்தது. ஹார்லிக்ஸ் வாங்கி வந்தார்கள். இவர் எதை எடுத்தார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தச் சங்கிலியை எனக்குப் போட்டுவிட்டதும் அந்தக் கைதான்.

என் அப்பாவுக்கு வந்தால் நோவு, செல்லாத்தாளுக்கு வந்தால் தண்டனை என்று நான் எப்படி வைத்துக்கொண்டேன்? அன்றைக்குப் பருப்பைக் கோழி கொத்தியதுகூடத் தெரியவில்லை.

அம்மன் மேல் எனக்கு நம்பிக்கை போகவில்லை. நீங்கள் வேற மதம். இதையெல்லாம் படித்துச் சிரிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சாந்தாமணி


சிங்காநல்லூர்
20 ஜூலை 2024

அன்புள்ள சாந்தாமணி,

சிரிக்கவில்லை. சின்ன வயதில் என் தம்பி கிளமென்ட் டைபாய்டில் கிடந்தான். சபையே கூடி ஜெபித்தது. காய்ச்சல் இறங்கியது. ஜெபித்ததால் பிழைத்தான் என்று அம்மா சாகும்வரை சாட்சி சொன்னார். அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த குழந்தைக்கும் நாங்கள் ஜெபித்தோம். அது போய்விட்டது. அதை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நான் இன்றும் ஜெபிக்கிறேன். ஆனால் தெய்வம் இன்னாருக்கு இதைச் செய்தது என்று தெய்வத்தின் பெயரில் நானே தீர்ப்பு எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

நீங்கள் எழுதியதற்கு நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அவர் எடுத்தார் என்பதற்கான காரணம் விழுந்துவிட்டது. அதனாலேயே அவர் எடுக்கவில்லை என்று ஆகிவிடாது. இங்கேதான் என் மாணவர்கள் நின்றுவிடுகிறார்கள். ஒரு வாதத்தை உடைத்ததும் ஜெயித்துவிட்டதாக நினைத்து எழுந்து போய்விடுகிறார்கள்.

அவர் எடுக்கவில்லை என்பதற்கு என்ன இருக்கிறது? ஊர் அதைக் கேட்கவில்லை, நீங்கள் கேட்கவில்லை. பிரவீனா கேட்டதாகவும் உங்கள் கடிதத்தில் இல்லை. நிதானமாக எழுதுங்கள்.

ஞானாபரணம்


ஆனைமலை
18 ஆகஸ்ட் 2024

டீச்சர் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டதை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. தெரியாததால் அல்ல, எல்லாமே தெரிந்திருந்ததால்.

பிரவீனா பிறந்து நான் அம்மா வீட்டில் இருந்தபோது எங்கள் வீட்டுச் சாவிக் கொத்து செல்லாத்தாளிடம்தான் இருந்தது. பீரோ சாவியும் அதில்தான். திரும்பி வந்தபோது ஒரு குண்டுமணி குறையவில்லை. இன்னொரு தடவை மாவு ஆட்டும்போது என் மோதிரம் கழன்று மாவோடு போய்விட்டது. எனக்கே தெரியாது. கிரைண்டர் கழுவும்போது எடுத்து, "ஏனுங்கம்மணி, இது உங்களுதுங்களா?" என்று நீட்டினாள். தொலைந்ததே தெரியாத பொருளைத் திருப்பிக் கொடுத்தவள்.

இன்னொன்றும் இருக்கிறது. சங்கிலியின் கொக்கி தேய்ந்துபோய், நான் நூல் சுற்றி வைத்திருந்தேன். சங்கிலி காணாமல் போன வாரம் ஒரு சாவுக்குப் போய்விட்டு வரும் வழியில் ஆழியாற்றில் முழுகிவிட்டு வந்தேன். இது எனக்கு ஞாபகம் வரவே இல்லை என்றால் பொய். வந்தது. வந்ததை நான் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏனுங்க, கொக்கி தேஞ்சிருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குது. ஆசாரிகிட்டக் குடுன்னு அப்பவே சொன்னனே."

"அப்புறம் எல்லாருமு செல்லாத்தாளைச் சொல்றப்ப ஏனுங்க சும்மா இருந்தீங்க?"

"நீதான் கோயலுக்குப் போயிட்டு வந்துட்டயே. அதுக்கு மேல நான் என்னத்தப் பேசறது? இப்ப எதுக்கு அதையெல்லாம் கெளறிட்டு?" என்று துண்டை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார்.

நான் கேட்க வந்தது வேறு. செல்லாத்தாளுக்குப் பிரஷர் உண்டு. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தது நான். வேலைக்கு வரவேண்டாம் என்றதும் அதுவும் நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் கை விழுந்தது. அப்படியென்றால் அவள் கையை விழ வைத்தது நான்தானே? இதில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். சாப்பாடு இறங்கமாட்டேன் என்கிறது.

சாந்தாமணி


சிங்காநல்லூர்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள சாந்தாமணி,

ஓட்டை இருக்கிறது. நான் மிளகாய் அரைத்தேன், பிறகு கை விழுந்தது என்றீர்கள். இப்போது நான் வேலையை நிறுத்தினேன், பிறகு கை விழுந்தது என்கிறீர்கள். அதே வாதம்தான், ஆளை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். முன்பு அவரைக் குற்றவாளியாக்கியது, இப்போது உங்களை. அவர் மாத்திரையை விட்டுவிட்டாரா? மகன் வாங்கிக் கொடுத்தாரா? மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வந்ததா? உங்களுக்குத் தெரியாது. இருக்கலாம் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல உங்களிடம் ஒன்றுமில்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகாதீர்கள். ஊகமே தேவைப்படாத ஒன்று உங்கள் முதல் கடிதத்திலேயே இருக்கிறது. யார் பெயரையும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர் கை விழுந்தபின் எண்ணெய்க் காப்புச் செய்தீர்கள். அதைப் பார்த்த ஊருக்கு வேறு பெயர் எதுவும் தேவைப்பட்டிருக்காது. அதைச் செய்தது நீங்கள், தெரிந்து செய்தீர்கள். அதைச் சரிசெய்வதும் உங்களால் முடியும். செல்லாத்தாளை நீங்கள் போய்ப் பார்த்ததாக இதுவரை ஒரு கடிதத்திலும் இல்லை.

இவ்வளவு கண்டிப்பாக எழுதிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விடமுடியாது. கல்யாணத்துக்குப் பிறகு பிரவீனா இந்த விஷயத்தை எனக்கு ஈமெயிலில் அனுப்பியிருந்தாள். வகுப்புக்கு உதவும் மேடம் என்று. நானும் ஊர்ப்பெயரை எடுத்துவிட்டு மாணவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்தேன். வேலைக்காரியின் கை என்று தலைப்பு வைத்தேன். பிழையைச் சரியாகப் பிடித்தவர்களுக்கு மதிப்பெண். வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. நானும் பிரவீனாவிடம் கேட்கவில்லை. உங்கள் முதல் கடிதத்தைப் படிக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எழுதுவதை நிறுத்திவிடுவீர்களோ என்று பயந்தேன்.

ஞானாபரணம்


ஆனைமலை
14 செப்டம்பர் 2024

டீச்சருக்கு,

என் வீட்டுக் கதைக்கு எத்தனை மார்க் போட்டீர்கள்?

பந்தியில் சிரித்தவர்கள் என் சொந்தக்காரர்கள். அவர்கள் முகத்தையாவது நான் பார்த்தேன். உங்கள் வகுப்பில் சிரித்தவர்கள் யார் என்றே எனக்குத் தெரியாது. இனி கோயமுத்தூர் வந்தால் பஸ்ஸில் காலேஜ் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தது இதுவாக இருக்குமோ என்று தோன்றும். நான் அப்பாவைப் பற்றி எழுதியதையும் கேள்வித்தாளில் போட்டுவிடாதீர்கள்.

செல்லாத்தாளைப் போய்ப் பார் என்கிறீர்கள். சிங்காநல்லூரில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர்கள் காலனிக்குள் நான் கால் வைத்ததில்லை. வைத்தால் இங்கே என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் பாடத்தில் அதற்கு இடமும் இல்லை.

போதுங்க. இனி எழுத வேண்டாம்.

சாந்தாமணி


சிங்காநல்லூர்
20 நவம்பர் 2024

அன்புள்ள சாந்தாமணி,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது பாடம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் கடிதங்களை யாருக்கும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன்.

போன வாரம் பிரவீனா கல்லூரிக்கு வந்தாள், சான்றிதழ் ஒன்றில் கையெழுத்து வாங்க. உங்களைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வகுப்புக்கு அவள் அனுப்பிய அந்தக் கதையைப் பற்றி மட்டும் கேட்டேன். "அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தாயா?" என்றேன்.

"யாரை மேடம்?" என்றாள். பிறகு புரிந்து, "இல்லை" என்றாள். "என்னையத் தூக்கி வளர்த்ததே அவங்கதான் மேடம்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கையெழுத்து வாங்காமலே போய்விட்டாள்.

அவள் திரும்பி வந்தால் அவளுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அவளிடம் இப்போது கேள்வி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஞானாபரணம்


ஆனைமலை
27 ஜனவரி 2025

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

செல்லாத்தாள் மார்கழிக் கடைசியில் இறந்துவிட்டாள். பொங்கலுக்கு முன்பே எழுத நினைத்தேன், முடியவில்லை.

உங்கள் மேல் கோபமாக இருந்தபோதே, தீபாவளி கழிந்து ஒருநாள் நான் அவளைப் பார்க்கப் போனேன். உங்களுக்குச் சொல்லவில்லை. உங்கள் பேச்சைக் கேட்டுப் போனதாக ஆகிவிடுமே என்று வீம்பு. வீடு எது என்றே தெரியாமல் ஒரு பிள்ளையிடம் விசாரித்துப் போனேன். செல்லாத்தாளின் மருமகள் ஓடி வந்து நாற்காலி போட்டாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் நிறுத்திக்கொண்டாள். நானும் கேட்டு வாங்கிக் குடித்திருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை.

கட்டிலில் செல்லாத்தாள் பாதியாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் இடது கையை ஊன்றி எழப் பார்த்தாள். "பா... பா..." என்று இழுத்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருமகள்தான் சொன்னாள். "பாப்பா எப்படி இருக்குதுன்னு கேக்கறாங்க அம்மணி."

பிரவீனாவைக் கேட்டிருக்கிறாள்.

"நல்லா இருக்கறா செல்லாத்தா" என்றேன். நீ எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லத்தான் போயிருந்தேன். வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று, மாத்திரை ஒழுங்காகத் தருகிறார்களா, கஞ்சி குடிக்கிறாளா என்று எதையெதையோ கேட்டேன். தனியாக இருக்கும்போது இன்னொரு நாள் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். இத்தனைக்கும் அவளைத் திருடி என்று நான் ஆக்கியது அத்தனை பேர் முன்னால்தான்.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. கார்த்திகையில் தேங்காய் வெட்டு, பிறகு என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். இவையெல்லாம் காரணம் இல்லை என்று எனக்கே தெரியும்.

அவள் இறந்த செய்தியை என் வீட்டுக்காரர் பிரவீனாவுக்குப் போனில் சொன்னார். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் செருப்பைப் போட்டதும் அவளும் போட்டுக்கொண்டாள். சேர்ந்து போனோம்.

எங்கள் தெரு ஆண்களில் சிலர் தூரத்தில் ரோட்டோரம் நின்றிருந்தார்கள். நாங்கள் அவர்களைத் தாண்டும்போது எங்கள் பங்காளி வேங்கடசாமி மாமா சொன்னார். "அம்மன் சும்மா உடுவாளா? கணக்கத் தீத்துப்போட்டா."

எனக்கு முன்னால் போன பிரவீனா சட்டென்று திரும்பினாள். அந்த முகம் எனக்குத் தெரியும், பந்தியில் பார்த்த முகம். வாயைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அப்போதுதான் நான் பேசினேன்.

"மாமா, அப்படிப் பேசாதீங்க. செல்லாத்தா சங்கிலியை எடுக்கலீங்க. கொக்கி தேஞ்சிருந்துச்சு, ஆத்துல போச்சோ எங்க போச்சோ. எங்கூட்டுப் பீரோச் சாவியே அவ கையில இருந்துச்சுங்க. எடுக்கோணும்னா அன்னைக்கே எடுத்திருக்கலாம். என்ர அப்பனுக்கும் இதே கைதானுங்க விழுந்துச்சு. அவரு யார் ஊட்டுல எடுத்தாரு? நான் எண்ணெய்க் காப்பு வெச்சதுதானுங்க தப்பு. அம்மன் பேருல நான் சொன்ன பொய்யிங்க அது."

சத்தம் ஏறிவிட்டது. பறை அடித்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். மாமா, "செத்ததுக்கப்புறம் எல்லாருமு நல்லவங்கதான் அம்மணி" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அவரை என்னால் நம்பவைக்க முடியவில்லை. நான் சொன்னதில் குறை இருந்ததால் என்று தோன்றவில்லை. அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

ஆனால் வாசலில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டிருக்கிறது. நான் உள்ளே போய்ச் செல்லாத்தாள் காலடியில் உட்கார்ந்தேன். மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"அன்னைக்கு வந்தீங்களே, அப்பச் சொல்லியிருக்கலாமுங்க அம்மணி. அவங்களுக்குப் பேச்சுத்தானுங்க வராது. காது நல்லாத்தான் கேட்டுச்சு."

பிரவீனா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சுட்டுப் போயிட்டேன்மா. நாலு வீதி தள்ளி இருந்தாங்க. ஒருக்காகூட எட்டிப் பாக்கலை" என்றாள். நான் உங்களுக்கு எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. பொங்கல் வரை இருந்துவிட்டுப் போனாள். இப்போது தினமும் என்னிடம் பேசுகிறாள், ஆனால் இரண்டு பேருமே பார்த்துப் பார்த்துத்தான் பேசுகிறோம்.

டீச்சர், நீங்கள் சொல்லித் தந்ததை நான் மறக்கவில்லை. மருமகள் சொன்னதையும் தனியாக எழுதிப் பார்த்தேன். முடிவு என்ன, காரணம் என்ன, சொல்லாமல் விட்டது என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மார்கழி முழுக்கச் சாக்கு வைத்துக்கொண்டிருந்தவள் நான், எங்கேயாவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்றுதான் தேடினேன். காது நல்லாத்தான் கேட்டுச்சு. அதில் ஒரு பிழையும் இல்லை.

இப்படிக்கு,
சாந்தாமணி